நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது

வீட்டுக் கணினியில் காலையில் மின்னஞ்சல் பார்க்கிறோம். ஒரு தொந்தரவும் இல்லை. மாலையில் பிள்ளையின் பாடக் காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று நீலமாகிறது. சில நாள் அப்படியே உறைந்து நிற்கிறது. சில நாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்து, தானே மறுபடி எழுகிறது. மறுநாள் அதே காணொளி முழுதாக ஓடி முடிகிறது. நான்கு நாள் அமைதி. பிறகு காணொளியே இல்லாத நேரத்தில், ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில், மீண்டும் அதே கதை. ‘கிராஷ் ஆகிறது’ என்று எல்லாரும் சொல்லும் இந்த நிகழ்வை இந்த அத்தியாயத்தில் ‘முடக்கம்’ என்று அழைப்போம்.

முடக்கத்தைவிட அதன் ஒழுங்கின்மைதான் மனிதரை அதிகம் குழப்புகிறது. கணினி என்பது கணக்குப் போடும் எந்திரம். கொடுத்ததையே கொடுத்தால் வந்த விடையே வர வேண்டும் என்பதை நம்பித்தான் அதை வாங்குகிறோம். கெட்டுப்போன எந்திரம் என்றால் எப்போதும் கெட்டதாக நடக்கட்டும், நல்ல எந்திரம் என்றால் எப்போதும் ஓடட்டும். இடையில் இந்த ‘சில நேரம்’ எங்கிருந்து வருகிறது? இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்கள் இரண்டு: வைரஸ் புகுந்துவிட்டது, அல்லது பழசாகிவிட்டது, ஒருமுறை ஃபார்மேட் அடித்துவிடு. இரண்டும் அந்த ஒழுங்கின்மையை விளக்குவதில்லை, அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. இந்த அத்தியாயம் சொல்ல வருவது வேறு. முடக்கங்கள் எந்த அளவுக்குச் சிதறி வருகின்றனவோ, அந்த அளவுக்கு அவற்றின் காரணம் ஒன்றாகவும் ஆழத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். சிதறல்தான் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் துப்பு.

ஒரே வேலை, வேறு வேறு பாதை

நமக்கு ஒன்றாகத் தெரியும் வேலை கணினிக்கு ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. காணொளி ஓடும்போது பின்னணியில் கடிகாரம், வைரஸ் தடுப்பான், இணைய இணைப்பு, அச்சுப்பொறியின் உதவியாளன் என்று நூற்றுக்கணக்கான சிறு வேலைகள் முறை போட்டுக்கொண்டு ப்ராசசரைப் பயன்படுத்துகின்றன. எது முதலில், எது பிறகு என்பது இன்று இருந்ததுபோல் நாளை இருக்காது. நினைவகத்தில், அதாவது ரேமில், எந்த நிரல் எந்த இடத்தில் அமரும் என்பதும் மாறும். அந்த நேரத்தில் எது காலியோ அது கிடைக்கும். இதற்கு மேல், 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், இயங்குதளம் தன் பகுதிகளின் முகவரிகளை வேண்டுமென்றே கலைத்துப் போடுகிறது. எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து ஊடுருவுபவன் ஊகிக்க முடியாமல் இருக்க வேண்டும் என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது.

இப்போது 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு கணினியை எண்ணிப் பாருங்கள். அதில் 0 அல்லது 1 என்ற ஒரே ஒரு குறியைத் தாங்கும் நுண்ணறைகள் சுமார் 6,870 கோடி. அவற்றில் ஒன்று மட்டும் பழுதாகி, சில நேரம் 1-ஐ 0 ஆகத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அறை காலியாக இருந்த நாளில் ஒன்றும் நடக்காது. அங்கே ஒரு புகைப்படத்தின் புள்ளி அமர்ந்திருந்தால் அதன் நிறம் கொஞ்சம் மாறும், யாரும் கவனிக்கப்போவதில்லை. உலாவியின் கட்டளை ஒன்று அமர்ந்திருந்தால் உலாவி மூடிக்கொள்ளும். விண்டோஸின் மையப் பகுதி அமர்ந்திருந்தால் நீலத் திரை. கூத்து மேடையில் ஒரு பலகை உளுத்துப்போயிருந்தால் அதில் கால் வைப்பவர் விழுவார். இன்று ராஜா, நாளை கட்டியங்காரன். பார்ப்பவர்களுக்கு ஆட்டக்காரர்கள்மேல் சந்தேகம் வரும். ஆனால் வேறு வேறு ஆட்கள் விழுகிறார்கள் என்பதே பலகையைப் பார்க்கச் சொல்லும் சாட்சி. பழுது நிலையாக ஓரிடத்தில் இருக்கிறது. அதன்மேல் கடந்து போகிறவைதான் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒழுங்கின்மை அங்கிருந்து வருகிறது.

ஒரு குறி புரளும்போது

நினைவக அறை ஒவ்வொன்றும் மிகச் சிறிய மின்னேற்றக் கலம். அதில் மின்னேற்றம் இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் இன்னொன்று. அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லிநொடிக்குள் எல்லா அறைகளையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்ப வேண்டும். அதாவது நாம் ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் நினைவகம் முழுதும் புதுப்பிக்கப்படுகிறது. இவ்வளவு மெல்லிய இழையில் நிற்கும் அமைப்பில் ஒரு குறி தானாக மாறிவிடுவதை ‘பிட் புரளல்’ என்போம். அது என்ன செய்யும் என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் பெல்ஜியத்தில் இருக்கிறது. 2003 மே மாதத் தேர்தலில் ஸ்கார்பேக் என்ற நகராட்சியில் ஒரு வேட்பாளருக்கு அவர் பெற்றிருக்கவே முடியாத எண்ணிக்கையில் வாக்குகள் பதிவாகியிருந்தன. மறுபடி எண்ணியபோது மிகையாக வந்தவை சரியாக 4,096. இரண்டைப் பன்னிரண்டு தடவை எழுதிப் பெருக்கினால் வரும் எண் அது. கணினி எண்களை எழுதி வைக்கும் முறையில் ஒரே ஒரு குறி 0-விலிருந்து 1-க்கு மாறினால் இதுதான் நேரும். மென்பொருளைத் துருவிப் பார்த்த வல்லுநர்களுக்கு அதில் பிழை அகப்படவில்லை. ஒரு பிட் தானே புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

இந்த நிகழ்வைச் சொல்லும்போதெல்லாம் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள்மேல் பழி போடுவது வழக்கம். அப்படி நடக்கும் என்பதில் ஐயமில்லை. விண்கதிர் மட்டுமல்ல, வேறு கதிர்களும் குறிகளைப் புரட்டும்: 1970-களின் இறுதியில் இன்டெல்லில் திமோதி மே, மரே உட்ஸ் இருவரும் சில்லுகளை மூடும் பீங்கான் உறையிலேயே நுண்ணளவில் கலந்திருந்த கதிரியக்கப் பொருட்களின் ஆல்ஃபா துகள்கள் நினைவகக் குறிகளைப் புரட்டுவதைக் காட்டினார்கள். ஆனால் வீட்டுக் கணினி வாரம் இருமுறை நிற்பதற்கு விண்வெளியைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விண்கதிர் இலக்குப் பார்த்து அடிப்பதில்லை. ஊரிலுள்ள எல்லாக் கணினிகள்மேலும் அது ஏறத்தாழ ஒரே அளவில் பொழிகிறது. அது மட்டுமே காரணம் என்றால் ஒருமுறை அடிபட்ட கணினி மறுமுறை அடிபட மற்றவற்றைவிட அதிக வாய்ப்பு இருக்கக் கூடாது. இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, சோதித்தும் விட்டார்கள்.

இரண்டாவது முடக்கம் சொல்வது

மைக்ரோசாஃப்டின் எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டூசர், வின்ஸ் ஆர்கோவன் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரண மக்கள் பயன்படுத்தும் சுமார் பத்து லட்சம் கணினிகள் அனுப்பிய முடக்க அறிக்கைகளை அலசியது. எட்டு மாத காலத்தில் ப்ராசசர் மொத்தமாக முப்பது நாளாவது உழைத்த கணினிகளில், ப்ராசசர் பகுதியின் பழுதால் ஒருமுறை முடங்க 190-இல் ஒரு வாய்ப்பு. இது சிறிய எண்தான். ஆனால் ஒருமுறை அப்படி முடங்கிய கணினி இரண்டாவது முறையும் முடங்க வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்று உயர்ந்தது. நினைவகத்திலும் இதே கதை: முதல் முடக்கத்துக்கு 1,700-இல் ஒரு வாய்ப்பு, இரண்டாவதுக்குப் பத்தில் ஒன்று என்னும் அளவுக்கு ஏற்றம். மீண்டும் முடங்கியவற்றில் பெரும்பாலானவற்றில் பிட் புரண்டது அதே முகவரியில். இத்தனைக்கும் அவர்களால் நினைவகத்தின் மிகச் சிறிய பகுதியில், விண்டோஸின் மையக் கட்டளைகள் இருக்கும் இடத்தில் மட்டுமே, பிட் புரண்டதை உறுதியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. மீதிப் பகுதியில் புரண்டவை கணக்கில் வரவே இல்லை.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2009-இல், பியான்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் கூகுளின் சர்வர் கணினிகளில் இரண்டரை ஆண்டு திரட்டிய பதிவுகளை வெளியிட்டிருந்தார்கள். ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கணினிகளில் ஒருமுறையாவது நினைவகப் பிழை வந்திருந்தது. ஆனால் நினைவகப் பட்டைகளை எடுத்துப் பார்த்தால் பிழை கண்டவை நூற்றில் எட்டுதான். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிழைகள் பரவியிருக்கவில்லை, சிலவற்றிலேயே குவிந்து கிடந்தன. கதிர்களைவிடப் பொருளின் நிலையான பழுதே பெரும் காரணம் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். ஆக, தரவு மையத்திலும் வீட்டிலும் சாட்சி ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. வன்பொருளால் ஒருமுறை முடங்கிய கணினியை ‘ஏதோ ஒருதரம்’ என்று விட்டுவிடுவது தவறான பந்தயம்.

‘வீடியோ நினைவகம் போதவில்லை’

இதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க, பல வீடுகளில் நடந்த ஒரு சம்பவத்தை விரிவாக எடுத்துக்கொள்ளலாம். இன்டெல் தன் 13-ஆம் தலைமுறை மேசைக்கணினி ப்ராசசர்களை 2022 அக்டோபரிலும், 14-ஆம் தலைமுறையை 2023 அக்டோபரிலும் வெளியிட்டது. அவற்றில் மிக வேகமான மாதிரிகளை வாங்கியவர்களிடமிருந்து சில மாதங்களில் ஒரு விதமான புகார் எழத் தொடங்கியது. விளையாட்டு ஒன்றைத் திறந்ததும், அல்லது திறந்த சில நிமிடத்தில், அது மூடிக்கொள்கிறது. திரையில் வரும் செய்தி: வீடியோ நினைவகம் போதவில்லை. படித்தவர்கள் இயல்பாகவே கிராபிக்ஸ் கார்டைக் குற்றம் சொன்னார்கள். டிரைவரை மாற்றினார்கள், விளையாட்டை நீக்கி மறுபடி நிறுவினார்கள், சிலர் விலை உயர்ந்த கார்டையே மாற்றினார்கள். கார்டில் தேவைக்குப் பல மடங்கு நினைவகம் இருந்தவர்களுக்கும் அதே செய்தி வந்தது.

அந்தச் செய்தி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னது, அவ்வளவுதான். அன்ரியல் என்ற மென்பொருள் அடித்தளத்தில் கட்டிய விளையாட்டுகள் தொடங்கும்போது, காட்சிகளை வரைவதற்கான கட்டளைகளைச் சுருக்கிய வடிவிலிருந்து விரிக்கின்றன. அந்த வேலை நடப்பது கிராபிக்ஸ் கார்டில் அல்ல, ப்ராசசரில். அதுவும் எல்லாப் பிரிவுகளும் முழு வேகத்தில் ஓடும்போது. சுருக்கிய தரவில் ஒரு குறி தவறினாலும் அதற்குப் பின்னால் வருவது முழுவதும் குலையும். நல்ல விரிப்பான் நிரல், விரித்தது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும். தவறு தெரிந்ததும் அது வேலையை நிறுத்தியது. மேலே இருந்த விளையாட்டு, வர வேண்டியது வரவில்லை என்றதும், தன்னிடம் இருந்த ஒரே விளக்கத்தை எழுதிவிட்டது. விரிப்பான் நிரலை எழுதிய ராட் நிறுவனம் தன் நிரலில் பிழை இல்லை, சில ப்ராசசர்களே தவறாகக் கணக்கிடுகின்றன என்று அறிவித்தது. ப்ராசசரின் உச்ச வேகத்தைச் சில படிகள் குறைத்துப் பார்க்கும்படியும் சொன்னது. குறைத்தவர்களில் பலருக்கு முடக்கம் நின்றது.

இது ஏன் தீர்க்கமான சாட்சி என்பதை நின்று யோசிக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பது நிரலில் ஒரு வரியையும் மாற்றாது. எழுத்துப் பிழை உள்ள கட்டளை மெதுவாக ஓடினாலும் பிழையாகவே ஓடும். வேகத்தோடு மறையும் பிழை பெரும்பாலும், மின்னலைகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர முடியாததால் வருகிறது. எந்த மின்சுற்றையும் அது தாங்கக்கூடிய எல்லைக்குச் சற்று உள்ளேதான் ஓட வைப்பார்கள். அந்த இடைவெளியைக் ‘காப்பு இடைவெளி’ என்று சொல்லலாம். இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது இதுதான்: ப்ராசசருக்குள் இருக்கும் நுண்கட்டளை, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் வந்த திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில், மிகையான அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து ப்ராசசரின் கடிகாரத் துடிப்பைப் பரப்பும் சுற்றை முதுமையாக்குகின்றன என்று விளக்கம் வந்தது. அதாவது வாங்கிய நாளில் இருந்த காப்பு இடைவெளி மாதக்கணக்கில் தேய்ந்து, ஒருநாள் தீர்ந்துபோனது. ‘நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது’ என்று பயனர் சொன்னது முழு உண்மை. ஏற்கெனவே தேய்ந்த ப்ராசசரை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதால், இன்டெல் உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டி மாற்றித் தர வேண்டியிருந்தது.

ப்ராசசர் பழுது என்றால் எல்லா வேலையும்தானே கெட வேண்டும், ஏன் விளையாட்டு மட்டும் என்று கேட்கத் தோன்றும். மற்ற வேலைகள் ப்ராசசரை அந்த எல்லை வரை தள்ளவில்லை என்பது பாதி விடை. மற்ற வேலைகள் தங்கள் விடையைச் சரிபார்க்கவில்லை என்பது மீதிப் பாதி. ஒருவேளை அவற்றிலும் தவறு நேர்ந்திருக்கலாம்; தட்டிக் கேட்க அங்கே யாரும் இல்லை. இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. கவனமாக எழுதப்பட்ட நிரல்தான் முதலில் தவறைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. சொன்னதற்காகப் பழியும் அதன்மேலேயே விழுகிறது.

மென்பொருள்தானே வழக்கமான குற்றவாளி?

இங்கே வலுவான மறுப்பு ஒன்று காத்திருக்கிறது. வன்பொருள் பழுது அரிது. முடக்கங்களில் பெரும்பங்கு மென்பொருளால்தான் என்பது பழைய உண்மை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பதிவான முடக்கங்களில் 85 சதவீதம் டிரைவர்களால், அதாவது ஒவ்வொரு கருவியையும் இயக்க அதன் தயாரிப்பாளர் எழுதித் தரும் சிறு நிரல்களால், நேர்ந்தவை என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் குறிப்பிட்டார்கள். மென்பொருள் பிழையும் வந்து வந்து மறையக்கூடியதுதான். டாண்டம் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே 1985-இல் எழுதிய கட்டுரையில் 132 மென்பொருள் பழுதுகளைப் பற்றிய கணக்கு ஒன்று வருகிறது. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் மறுபடி இயக்கினாலும் அசையாமல் அங்கேயே நின்றது. மற்றவை மறுமுறை ஓட்டியதும் காணாமல் போயின. இரண்டு வேலைகள் ஒரே பொருளுக்குக் கை நீட்டும் அந்த அபூர்வக் கணம் திரும்ப வராததுதான் காரணம். ஆகவே சிதறல் என்றாலே வன்பொருள் என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிதறலிலும் வகை உண்டு. மென்பொருள் பிழை காலத்தில் சிதறும். எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வரும்போது அதே நிரலில், பெரும்பாலும் அதே கோப்பின் பெயரோடு வரும். அது உலகத்துக்குப் பொதுவானதும்கூட. அதே பதிப்பை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் வரும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு நிரலின் ஒரு பிழையான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது எல்லாம் ஒரே மாதிரி விழுந்தன, ஒரே மருந்தில் எழுந்தன. வன்பொருள் பழுது காலத்தில் மட்டுமல்லாமல் பெயரிலும் சிதறும். இன்று உலாவி, நாளை படம் திருத்தும் நிரல், மறுநாள் நீலத் திரையில் ஒரு குறியீடு, அடுத்த வாரம் வேறொன்று; அதே மென்பொருள்களை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2005-இல் எழுதிய ஒரு குறிப்பில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். வந்த முடக்க அறிக்கைகள் சிலவற்றில், ப்ராசசர் தனக்குள் இருக்கும் ஓர் எண்ணைப் பூச்சியமாக்கும் கட்டளையில் நின்றிருந்தது. நினைவகத்தைத் தொடாத, தோற்கவே வழியில்லாத கட்டளை அது. விசாரித்தபோது அந்தக் கணினிகளில் பல, குறிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்டவை என்று தெரிந்தது. கடைக்காரரே அப்படி ஓட்டி விற்றிருந்தது வாங்கிய சிலருக்குத் தெரியவே தெரியாது.

நடுவில் ஒரு சங்கடமான வகையும் இருக்கிறது: கெட்ட டிரைவர். அது இயங்குதளத்தின் மையத்துக்குள் உட்கார்ந்து பிறருடைய நினைவகத்தில் கிறுக்கிவிட்டுப் போகும், விழுவது வேறொருவர். பெயர்ச் சிதறலை வைத்து இதை வன்பொருள் பழுதிலிருந்து பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு எளிய வழி, மென்பொருள் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது. லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே, வன்தட்டைத் தொடாமல், ஓட்டலாம். அங்கேயும் கணினி முடங்கினால் விண்டோஸும் அதன் டிரைவர்களும் பெரும்பாலும் விடுதலை.

அமைதியை எத்தனை நாள் நம்பலாம்?

சந்தேகப்பட்ட ஒன்றை மாற்றிவிட்டோம். இரண்டு நாளாக முடக்கம் இல்லை. சரியாகிவிட்டதா? வீட்டுக் கணினியைப் பழுது பார்ப்பதில் மிக அதிகமான தவறு இந்த இடத்தில்தான் நேர்கிறது என்பது என் எண்ணம். சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை, எந்த முறையும் இல்லாமல் முடங்கும் கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்றையுமே மாற்றாமல் விட்டாலும் மூன்று நாள் முழு அமைதி கிடைக்க நூற்றில் 37 வாய்ப்பு இருக்கிறது. ஆறு நாள் அமைதிக்கு நூற்றில் 13 அல்லது 14. ஒன்பது நாள் அமைதிக்கு நூற்றில் ஐந்து. எனவே மூன்று நாள் அமைதியைக் கண்டு ‘டிரைவரை மாற்றினேன், சரியாகிவிட்டது’ என்று சொல்பவர், மாற்றியதால் ஒரு பயனும் இல்லாதபோதும் மூன்று தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் அப்படிச் சொல்லி, வெறும் தற்செயலுக்கு நன்றி சொல்லியிருப்பார். ஊரில் உலவும் பல வைத்தியங்கள் இப்படித்தான் பிறக்கின்றன: வைரஸ் தேடினேன் நின்றது, தூசி தட்டினேன் நின்றது. சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காலம் காத்திருந்தால்தான் நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை கிடைக்கும்.

காத்திருக்கும் காலத்தில் வேறெதையும் மாற்றக் கூடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. நினைவகப் பட்டையை மாற்றி, டிரைவரைப் புதுப்பித்து, மின்விசிறியையும் துடைத்துவிட்டால், அமைதி வந்தாலும் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாது. இதை ஏற்காதவர்கள், காரணம் எனக்கு எதற்கு, நின்றால் போதும் என்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் தேய்ந்துகொண்டிருக்கும் பாகத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அது திரும்ப வரும். அப்போது தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடக்கம் வந்த தேதி, நேரம், அப்போது ஓடிய நிரல், திரையில் கண்ட சொற்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்பது எந்த மென்பொருளும் தராத உதவியைத் தரும். சராசரி இடைவெளி என்ன என்பதே அந்தத் தாள் இல்லாமல் தெரியாது.

அரிதானதை அடிக்கடி வரவழைத்தல்

மாதம் ஒருமுறை முடங்கும் கணினிக்கு மூன்று மாதம் காத்திருப்பது யாருக்கும் இயலாது. அதனால் அறிந்தவர்கள் தலைகீழாகப் போகிறார்கள்: பழுதை அடக்கப் பார்க்காமல் வரவழைக்கப் பார்க்கிறார்கள். மெம்டெஸ்ட் போன்ற நிரல்கள் இயங்குதளம் எழுவதற்கு முன்பே ஓடி, நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் பலவித வடிவங்களில் 0, 1 எழுதித் திரும்பப் படிக்கின்றன. பல ஆண்டில் ஒருமுறை மிதிபடும் அறையும் ஓரிரவில் பலமுறை மிதிபடும். இதன் விடையில் ஒரு சாய்வு உண்டு. ஒரே ஒரு பிழை காட்டினாலும் வழக்கு முடிந்தது. நல்ல நினைவகத்துக்கு ஏற்புடைய பிழை எண்ணிக்கை பூச்சியம். பிழையே காட்டாவிட்டால் வழக்கு முடியவில்லை. நினைவகத்தின்மேல் இருந்த சந்தேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. பிழை கண்டால் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது உள்ளே இருக்கையில் பிழை வருகிறது என்று பார்க்கலாம். அதற்கு முன், பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி என்ற பெயரில் நினைவகத்தை வேகமாக ஓட்டும் வசதி இயக்கப்பட்டிருந்தால் அதை அணைத்துவிட்டுச் சோதிப்பது நல்லது. நினைவகமோ ப்ராசசரோ, வேகத்தைக் குறைத்ததும் நிற்கும் பிழை காப்பு இடைவெளி தீர்ந்ததன் அடையாளம். மைக்ரோசாஃப்டின் அந்த 2011 ஆய்வும், குறித்த வேகத்துக்குக் கீழே ஓடிய கணினிகள் குறைவாகவே முடங்கியதாகக் காட்டியது.

நீலத் திரையே வராமல், விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று இருண்டு மறுபடி எழும் கணினி வேறு கதை சொல்கிறது. நீலத் திரையை வரைந்து பதிவு எழுதுவதற்கும் கொஞ்சம் மின்சாரமும் நேரமும் வேண்டும். அதுகூடக் கிடைக்கவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி, மின் இணைப்பு, மிகையான சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் அப்போது ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு மின்சாரக் கோளாறு உறுதியாகிவிட்டது என்று எண்ணுபவர்கள் பலர். அந்த வரி சொல்வது, சென்ற முறை கணினி முறையாக மூடப்படவில்லை என்பது மட்டும். அதை எழுதியது நின்றுபோன கணினி அல்ல, மறுபடி எழுந்த கணினி. சுமை ஏறிய சில நிமிடங்களில் எப்போதும் நிகழ்ந்தால் சூடு, சுமை ஏறும் அதே நொடியில் நிகழ்ந்தால் மின்வழங்கி என்று பிரித்துப் பார்ப்பது ஒரு தொடக்கம். தூசி அடைத்த விசிறி, ஆண்டுக்கணக்கில் உழைத்து உப்பிய மின்தேக்கிகள் ஆகியவை கண்ணாலேயே தெரியும்.

ஃபார்மேட் அடிப்பதற்கு முன்

மறுபடி அந்தப் பழைய அறிவுரைக்கு வருவோம். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவது, பழுது மென்பொருளில் இருந்தால் உண்மையிலேயே குணமாக்கும். பழுது நினைவகத்திலோ ப்ராசசரிலோ இருந்தால் அதே வைத்தியம் தீங்கு செய்யும். நிறுவல் என்பது சுருக்கிய ஆயிரக்கணக்கான கோப்புகளை நினைவகத்தின் வழியே விரித்து வன்தட்டில் எழுதுவது. உளுத்த அறையின் வழியே போன கோப்பு உளுத்தபடியே வன்தட்டில் நிரந்தரமாகப் பதியும். புதிய விண்டோஸும் முடங்கும். இம்முறை மென்பொருளும் சேர்ந்து கெட்டிருப்பதால் இரண்டையும் பிரிப்பது முன்பைவிடக் கடினம்.

இதே ஆபத்து சொந்தக் கோப்புகளுக்கும் உண்டு, அதுதான் முடக்கத்தைவிடப் பெரிய கவலை. பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் நினைவகம் இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. கூடுதலாகச் சில குறிகளைச் சேர்த்து வைத்து, ஒன்று புரண்டால் எது புரண்டது என்று கண்டு திருப்பி வைக்கும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அது இல்லை. டிடிஆர்5 நினைவகச் சில்லுகள் தமக்குள் ஒரு திருத்த ஏற்பாட்டை வைத்திருந்தாலும், சில்லுக்கும் ப்ராசசருக்கும் இடையே வழியில் நேரும் தவறை அது காக்காது. ஆகவே முடங்கத் தொடங்கிய கணினி, முடங்காத நேரங்களில் புகைப்படங்களையும் கணக்குகளையும் சத்தமின்றிக் குறி மாற்றி எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அந்த நிலையில் அவசர அவசரமாகக் காப்புப் பிரதி எடுப்பவர்கள், பழைய நல்ல பிரதியின்மேலேயே புதியதை எழுதிவிடுகிறார்கள். பழையதை அப்படியே விட்டுவைத்து, புதியதை வேறு வட்டில் தனியாக எடுக்க வேண்டும். கூடுமானால் சந்தேகத்துக்குரிய கணினியின் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தி எடுக்க வேண்டும். நினைவகச் சோதனை அதற்குப் பிறகு. நிறுவல், சோதனை ஒரு பிழையும் இல்லாமல் ஓரிரவு ஓடி முடிந்த பிறகு.